ப்ரூஃப் நாணயமும் ஒரு சிட்டிகை விபூதியும்

"தாத்தா, ஃபேன் ரொம்ப நல்லா வந்திருக்கு!"

செல்போனை நீட்டிய பேத்தியின் குரலில் கிண்டல் பாதி, கடுப்பு பாதி. அவள் படம் எடுக்க நினைத்தது மின்விசிறியை அல்ல. மேசைமேல் இருந்த வெள்ளி நாணயத்தை. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை (2010) முன்னிட்டு இந்திய அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம். 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி. கையில் வாங்கிப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். படத்திலோ மின்விசிறியின் மூன்று இறக்கைகள், செல்போனின் கறுப்பு முதுகு, அவளுடைய மஞ்சள் துப்பட்டா எல்லாம் இருந்தன. ராஜராஜன் கட்டிய கோவிலை மட்டும் தேட வேண்டியிருந்தது.

மதுரையில் ஒரு பழைய வீடு. தாத்தா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக நாணயம் சேர்க்கிறார். மும்பை, கொல்கத்தா நாணயச்சாலைகளுக்கு டி.டி. எடுத்து அனுப்பிவிட்டு, பெட்டி வந்து சேர மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறை. இப்போது கண் மங்குகிறது. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. மொட்டைமாடி மழைக்கு ஒழுகுகிறது. சேர்த்ததில் ஒரு பகுதியை, அருமை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு சேகரிப்பாளர் வாங்கிக்கொள்ளத் தயார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நல்ல படமா அனுப்புங்க சார்."

அந்த 'நல்ல படம்' என்ற இரண்டு வார்த்தையில்தான் இத்தனை விவகாரமும்.

முதலில் ப்ரூஃப் நாணயம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பதுபோல 'புத்தம் புதுசு' என்று அர்த்தமில்லை. அது நாணயத்தின் நிலையைச் சொல்லும் வார்த்தை அல்ல, தயாரிக்கும் முறையைச் சொல்லும் வார்த்தை. கடையில் சில்லறையாகப் புழங்கும் நாணயம் இயந்திரத்தில் ஒரே அடியில் அச்சாகி, மற்ற நாணயங்களோடு மோதி, மூட்டையில் விழுந்து ஊருக்குப் போகும். ப்ரூஃப் அப்படி அல்ல. அச்சையே கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். அச்சிடப்போகும் வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒரு முறைக்கு மேல், அதிக அழுத்தத்தில், நிதானமாக அச்சடிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். அச்சில் உருவம் வரும் பள்ளங்களை மட்டும் நுண்மணல் அடித்து (இப்போது லேசரும் வந்துவிட்டது) சொரசொரப்பாக்கிவிடுவார்கள். விளைவு: பின்புலம் கண்ணாடி, உருவம் பனி படர்ந்த வெண்மை. இந்த எதிர்நிலையைச் சேகரிப்பாளர்கள் 'கேமியோ' என்பார்கள். ப்ரூஃபின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மும்பை நாணயச்சாலை ப்ரூஃபில் தனி அடையாளமும் போடும். புழக்க நாணயத்தில் சின்ன வைர வடிவம் இருக்கும். ப்ரூஃபில் ஆங்கில எழுத்து. ஊர் பம்பாயாக இருந்தபோது 'பி', மும்பையான பிறகு 'எம்'. பூதக்கண்ணாடி வைத்திருக்கும் தாத்தாக்களுக்கு இதெல்லாம் அத்துப்படி.

சரி, கேமரா ஏன் திணறுகிறது?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். ப்ரூஃப் நாணயத்தின் பின்புலம் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குச் சொந்த முகம் கிடையாது. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். நேர் மேலே செல்போனைப் பிடித்தால் செல்போனைக் காட்டும். கூரையில் விசிறி இருந்தால் விசிறியைக் காட்டும். ஆக, ப்ரூஃபைப் படம் எடுப்பவர் உண்மையில் நாணயத்தைச் சுற்றியுள்ள அறையைத்தான் படம் எடுக்கிறார். நாணயம் நன்றாக வரவேண்டுமானால் ஒழுங்கு செய்ய வேண்டியது அறையை!

இது புரிந்ததும் பேத்தியின் வேலை பாதி முடிந்துவிட்டது. ஜன்னல் சாத்தப்பட்டது. குழல்விளக்கு அணைந்தது. மஞ்சள் துப்பட்டா கழன்று, தாத்தாவின் பழைய கறுப்பு ஸ்வெட்டர் வந்தது (மதுரையில், மே மாதத்தில்!). விசிறியும் நிறுத்தப்பட்டது. அது கண்ணாடியில் தெரிகிறது என்பது ஒரு காரணம். அது சுற்றினால் மேசை லேசாக அதிர்ந்து படம் கலங்குகிறது என்பது இன்னொரு காரணம்.

அடுத்தது செல்போன். நாணயம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் செய்கிற தப்பு, போனை நாணயத்துக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் கொண்டுபோவது. அப்போது வெளிச்சம் உள்ளே வர இடமே இருக்காது, போனின் நிழல்தான் விழும். நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் போடுவது வெறும் பெருக்கத்துக்காக அல்ல. நாணயத்திலிருந்து தள்ளி நிற்கலாம், நடுவில் விளக்குக்கு இடம் கிடைக்கும். போன்காரர்கள் ஒரு அடி தள்ளி, ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் போதும். விரலால் அமுக்கும் ஆட்டமும் படத்தில் தெரியும் என்பதால், இரண்டு விநாடி டைமர் வைப்பது நல்லது.

இப்போது விளக்கு. இதில் இரண்டு வழி உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் வழி, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது. கண்ணாடிப் பின்புலத்தில் விழுந்த ஒளி எதிர்ப்பக்கமாகத் தெறித்துப் போய்விடும், லென்ஸுக்கு வராது. அதனால் பின்புலம் கறுப்பாகத் தெரியும். பனி படர்ந்த உருவமோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு லென்ஸுக்கும் வரும். அதனால் உருவம் வெள்ளை. விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்த பேத்தி, ஒரு இடத்தில் "ஆ!" என்று கத்திவிட்டாள். கறுப்பு வானத்தில் நிலா வெளிச்சத்தில் நிற்பதுபோல் பெரிய கோவில் விமானம்!

இங்கே ஒரு எச்சரிக்கை. கேமரா தானாக வெளிச்சம் கணிக்கும்போது, இத்தனை கறுப்பைப் பார்த்துவிட்டு "அடடா, இருட்டாக இருக்கிறதே" என்று படத்தை வெளுக்க வைத்துவிடும். கோவிலின் நுணுக்கமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வெண்மைச் சமநிலையையும் ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளி தங்கமாகிவிடும். (ரசவாதம் இவ்வளவு சுலபம்!)

இரண்டாவது வழி, லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே ஒளி நேராகக் கீழே இறங்கும்படி செய்வது. லென்ஸ் இருக்கிற இடத்தில் விளக்கை எப்படி வைப்பது? அதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். பழைய படச் சட்டத்திலிருந்து கழற்றிய சாதாரணக் கண்ணாடி. அதை நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து கிடைமட்டமாக விளக்கைக் காட்டினால், ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கும். நாணயத்தில் பட்டு நேர் மேலே திரும்பி, கண்ணாடியை ஊடுருவி லென்ஸுக்குள் போகும். மிச்ச ஒளி கண்ணாடியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ச்சுவர் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் பேயாக வரும். இந்த முறையில் எல்லாம் தலைகீழ். பின்புலம் ஒளிவீசும் வெள்ளை, உருவம் மென்மையான சாம்பல். எழுத்தின் விளிம்புகூட கத்திமாதிரி துல்லியமாக வரும்.

இதில் எது நிஜம்? இரண்டும்தான். கையில் வைத்து லேசாக ஆட்டிப் பார்க்கும்போது ப்ரூஃப் நாணயம் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும். படம் அந்த மின்னலில் ஒரு நொடியை மட்டும் பிடிக்கிறது.

தூசி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பரப்பில் ஒரு தூசி விழுந்தால் படத்தில் இரண்டாகத் தெரியும், தூசியும் அதன் பிம்பமும். அதற்காக வாயால் ஊதக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி நாளடைவில் கறையாகும். ரப்பர் குமிழால் காற்று அடிக்கலாம். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. துணி கூடாது, டிஷ்யூ கூடாது, பற்பசை கூடவே கூடாது. நாணயச்சாலையே பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துக் கொடுத்ததைத் திறக்காமல் இருப்பது உத்தமம். கூட்டின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் நாணயத்தைக் கூட்டோடுதான் எடுத்தார்கள். தாத்தா கழற்ற விடவில்லை.

ஒன்பது நாணயங்கள் முடிந்தன. பத்தாவது வந்தபோதுதான் கதை திரும்பியது.

அது காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் வந்த பத்து ரூபாய் வெள்ளி நாணயம். 15 கிராம். ஒரு பக்கம் அசோகச் சிங்கம், மறுபக்கம் காந்தியின் முகம், 1869-1948 என்ற ஆண்டுகள். 'பி' எழுத்துள்ள ப்ரூஃப். 1980-களில் போனஸ் பணத்தில் ஒரு வியாபாரியிடம் தாத்தா வாங்கியது. அவருடைய முதல் ப்ரூஃபும் அதுதான்.

கண்ணாடித் துண்டு முறையில் அபாரமாக வந்தது படம். சுத்த வெள்ளைப் பின்புலத்தில் காந்தி. பேத்தி அதோடு விட்டிருக்கலாம். மற்றதற்கெல்லாம் இரண்டு விதப் படமும் எடுத்தோமே என்று பக்கவாட்டு விளக்கையும் போட்டாள். பின்புலம் கறுத்தது. கறுத்த பின்புலத்தில், காந்தியின் முகத்துக்கு முன்னால், நூற்றுக்கணக்கான மெல்லிய வெள்ளைக் கோடுகள். எல்லாம் ஒரே திசையில். சிலந்தி நூல்மாதிரி.

"இது என்ன தாத்தா, கேமரா கோளாறா?"

அவர் கிட்டே வந்து பார்க்கவில்லை. தூரத்திலிருந்தே சொன்னார். "கேமரா சரியாத்தான் இருக்கும்மா. அது எங்க அம்மா வேலை."

வாங்கி இரண்டு வருடத்தில் நாணயம் லேசாகக் கறுத்திருக்கிறது. வெள்ளி என்றால் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கத்தான் செய்யும். பீரோவில் மகனின் 'வெள்ளிக் காசு' மங்கிக்கிடப்பதைப் பார்த்த அம்மா, வெள்ளிக்கிழமை குங்குமச்சிமிழ், விளக்கு எல்லாம் துலக்கும்போது இதையும் எடுத்துக்கொண்டார். ஒரு சிட்டிகை விபூதி, பழைய வேட்டித் துணி, நாலு தேய். பளபளவென்று ஆக்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மகன் வேலைவிட்டு வந்ததும் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்கும்மான்னேன்."

விபூதி சாம்பல்தான், ஆனாலும் அதற்குள் இருக்கும் நுண்துகள் உராயும். குத்துவிளக்குக்கு அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்புக்கு அது மணல்தாள். கறுப்பைப் போக்கியதோடு அந்தப் பரப்பின் மேல்தோலையும் கொண்டுபோய்விடும். இதைச் சரிசெய்ய உலகத்தில் வழி கிடையாது. சேகரிப்பாளர் உலகில் 'துடைத்த நாணயம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள், விலையும் சரிந்துவிடும்.

சிக்கல் இதுதான். விளக்கைக் கால் வட்டம் நகர்த்தியபோது அத்தனை கோடும் மறைந்துவிட்டது. கோடுகளின் குறுக்கே ஒளி வந்தால் அவை மின்னும். கோடுகளின் வாக்கிலேயே வந்தால் தெரியாது. கண்ணாடி முறையிலோ பின்புல வெளிச்சத்தில் அவை கரைந்துபோகும். விளக்கைச் சுற்றி வெள்ளைத் தாளால் கூடாரம் கட்டினால், ஒளி எல்லாப் பக்கமும் பரவி, இன்னும் சுத்தமாக மறையும். நாணய விற்பனைப் படங்களில் பலவற்றில் ப்ரூஃப்கள் பால் வெள்ளையாக, மாசுமருவற்று இருப்பதைப் பார்த்திருக்கலாம். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒளியில் கீறல் இருந்தாலும் தெரியாது என்பது நிச்சயம். கணினியில் ஒரு புள்ளியைக்கூட அழிக்க வேண்டாம். விளக்கை நகர்த்தினாலே போதும்.

"முதல்ல எடுத்த படமும் நிஜம்தானே தாத்தா? நாம ஒண்ணும் மாத்தலையே" என்றாள் பேத்தி. மொட்டைமாடிச் செலவு அவளுக்கும் தெரியும்.

நியாயமான கேள்விதான். படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கோயம்புத்தூர்க்காரர் வாங்கப்போவது படத்தை அல்ல, நாணயத்தை. அவர் அதைக் கையில் வாங்கி ஜன்னலோரம் சாய்க்கும் முதல் நொடியில் கோடுகள் தெரிந்துவிடும்.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை உடைசல் மட்டுமே மிஞ்சும். இந்த வகை ஆராய்ச்சிக்காக 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நாணயச் சந்தையும் அதே கதைதான். கீறலை மறைத்த ஒரு படம் அந்த ஒரு நாணயத்தின் விலையை மட்டும் பொய்யாக்குவதில்லை. நேர்மையாக எடுத்த மற்ற படங்களின் மேலும் சந்தேகத்தை ஏற்றிவிடுகிறது.

தாத்தா அகர்லாஃபைப் படித்தவர் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு படத்தையும் அனுப்பும்மா. அழகா இருக்கிறதும் அதுதான், கோடு விழுந்ததும் அதுதான்."

இருபது படங்கள் போயின. பத்து நாணயம், ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. காந்தியின் கறுப்புப் படத்துக்குக் கீழே பேத்தி ஒரு வரி தட்டினாள்: 'துடைக்கப்பட்டது, கீறல் உண்டு.'

அரைமணி நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். "சார், காந்தியை நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேண்டாம். மத்த ஒன்பதுக்கும் நீங்க சொன்ன விலை சரி. நேர்ல வந்து பார்க்கணும்னு நினைச்சேன், இனி தேவையில்லை. பார்சலே பண்ணிடுங்க."

கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு அத்தியாயம் வரும். கண்ணுக்குப் புலப்படாத சொத்து என்று வரையறை சொல்லி, அதை மதிப்பிட நாலைந்து சூத்திரம் கொடுத்திருப்பார்கள். தேர்வுக்கு அதைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் அது எங்கே உற்பத்தியாகிறது என்பதற்கு இந்த மேசை நல்ல உதாரணம்.

நாணயத்தை அதன் உச்ச அழகில் காட்டுவது தப்பே இல்லை. அதற்காக அறையை இருட்டாக்கலாம், கண்ணாடியைச் சாய்க்கலாம், மே மாதத்தில் ஸ்வெட்டர் போடலாம். கலைஞர்கள் பாடுபட்டுச் செதுக்கிய உருவத்துக்கு அந்த மரியாதையைச் செய்யத்தான் வேண்டும். அதில் இரண்டே இரண்டு எல்லைதான் உண்டு. ஒளியைத் தொடலாம், நாணயத்தைத் தொடக்கூடாது. அழகைக் காட்டும் விளக்கு எதையாவது மறைக்கிறது என்று தெரிந்தால், விளக்கை நகர்த்தி இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

ஒன்பது நாணயங்களும் பெட்டிக்குள் போயின. காந்தி மட்டும் மேசையில் இருந்தார்.

"இதை என்ன பண்ணப் போறீங்க தாத்தா?"

"பீரோவுலேயே இருக்கட்டும். ஏம்மா, அந்தக் கோடு தெரியிற படத்தை என் போனுக்கு அனுப்பு."

"வெள்ளையா இருக்கிறதுதானே நல்லா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல எங்க அம்மா கை தெரியலையே."

அவள் ஒன்றும் சொல்லாமல் அனுப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே எழுந்து போய் விசிறியைப் போட்டார். காந்தியின் முகத்துக்கு முன்னால், அந்தக் கோடுகளுக்கு நடுவில், மூன்று இறக்கைகளும் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன.